கண்ணால் திறக்கிற போன்

செண்பகராஜுக்குப் பொறாமை வந்தது ஒரு போன் மேல். ஒரு மனுஷன் மேல் வந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியோ, சட்டையைப் பிடித்தோ தீர்த்துக்கொள்ளலாம். எட்டு வருஷத்துப் பழைய போனை என்ன செய்வது? அதுவும் பெண்டாட்டியின் போனை.

கழுகுமலையில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன் அவன். தீப்பெட்டிப் பண்டல், கடலைமிட்டாய்ப் பெட்டி, மக்காச்சோள மூட்டை என்று கிடைப்பதை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கும் ஊருக்குமாக அலைவான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். வள்ளிமயில் கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை பார்த்தாள். ஒன்பது வருஷமாக அதே வேலை. எண்ணிப் பார்க்காமலே அவள் கை குச்சியைச் சரியாக அள்ளும். அள்ளி அள்ளி விரல் நுனியெல்லாம் மழுங்கி, ரேகை இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. ரேஷன் கடை மிஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் அது ஒத்துக்கொள்ளாது. கடைசியில் செண்பகராஜ்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து பெருவிரலை அமுக்குவான். அந்த மிஷினும் லேசுப்பட்டது இல்லை. மறுபடி வை, மறுபடி வை என்று நாலைந்து தடவை வாங்கிக்கொண்டுதான் அரிசி கொடுக்கும்.

“எங்க வீட்டு அரிசி என் பெருவிரல்ல இருக்கு” என்று அவன் பெருமை பேசுவான். அதோடு நிறுத்திக்கொண்டால் தேவலை. மாமனார் வீட்டுக் கறிச்சோற்றுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “ரேகையே இல்லாத பொம்பளையக் கெட்டிருக்கேன். நாளைக்கு இவ என்னயக் கொன்னு போட்டாலும் போலீஸால கண்டுபிடிக்க ஏலாது” என்று ஒரு நாள் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். வள்ளிமயிலும் சிரித்தாள், கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு.

சிரிக்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள். தங்கப்பாண்டி. வள்ளிமயிலின் அத்தை மகன், முறை மாப்பிள்ளை. கோவில்பட்டியில் பழைய போன் வாங்கி விற்கிற, ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருந்தான். கல்யாணத்தன்று வழக்கப்படி, கட்டிக்கிற உரிமையை விட்டுக்கொடுத்ததற்காக, அவனுக்கு வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துத்தான் பெண்ணை மேடை ஏற்றினார்கள். கொடுத்தது செண்பகராஜே. அவன் சிரித்த முகமாய் வாங்கிக்கொண்டான். வாங்கினவன் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம் இல்லையா? விசேஷ வீடு ஒன்று விடாமல் அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு வருவான். பார்க்கும்போதெல்லாம் செண்பகராஜுக்கு நெஞ்சில் ஏதோ இடறும்.

கறிச்சோறு சாப்பிட்ட அடுத்த வாரம் தங்கப்பாண்டி அந்தப் போனைக் கொண்டுவந்து கொடுத்தான். வள்ளிமயிலின் பழைய போன் விழுந்து உடைந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தான்.

“இது எட்டு வருஷத்துக்கு முந்தி கம்பெனிக்காரன் தலையில வச்சுக் கொண்டாடுன போனு, புள்ள. இப்ப வாரதுல இந்த வசதி கெடையாது. கண்ணப் பாத்துத் தொறக்கும். ஒன் விரலு வேணாம்.”

ஒன் விரலு வேணாம். அந்த ஒரு வார்த்தையில்தான் செண்பகராஜுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. தான் ஒன்றரை வருஷமாய்க் கேலி பண்ணின விரலை இவன் ஒரு பந்தியில் பார்த்துவிட்டு, அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறான். தனக்கு ஏன் அது தோன்றவில்லை? கட்டினவன் தான்தானே? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் கோபம் முழுவதும் போன் மேல் திரும்பியது.

போனும் சும்மா இருக்கவில்லை. இரண்டு ஓரத்திலும் வழிகிற மாதிரி வளைந்த கண்ணாடி. முதுகும் கண்ணாடி. அணைத்து வைத்தாலும் கறுப்புத் திரையில் மணி மட்டும் வெள்ளையாய் எரிந்துகொண்டிருக்கும். அடியில் இயர்போன் செருகுகிற ஓட்டை இருந்தது. செண்பகராஜின் புதுப் போனில் அது கிடையாது. பாட்டு ஏற்றுகிற கார்டு போட இடம் இருந்தது. அவன் போனில் அதுவும் கிடையாது. அவன் போனில் மூன்று காமிரா, கடைக்காரன் நூற்றெட்டு என்று ஏதோ சொல்லி விற்றான். இதில் முதுகில் ஒரே ஒரு காமிரா, அதற்கு ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் நீளவாக்கில் விரல் நுனி அளவுக்கு ஒரு குழி. ஆனால் இரண்டிலும் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவன் போனில் வள்ளிமயில் சுண்ணாம்பு பூசின மாதிரி இருப்பாள். இதில் அவள் அவளாகவே இருப்பாள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வான். அவள் அதைத் திறக்கிற விதத்தைத்தான் தாங்க முடியவில்லை. வெயிலில் அந்தக் கண் மிஷின் தடுமாறும். அதனால் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானையைக் குடை மாதிரி பிடித்து, போனை ஒரு முழத் தூரத்தில் நீட்டி, கண்ணை அகல விரித்து இமைக்காமல் பார்ப்பாள். போனின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். திறந்ததும் லேசாய்ச் சிரிப்பாள். அவனை அவள் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. தாலி கட்டும்போது கூடக் குனிந்துதான் இருந்தாள்.

உள்ளே என்னதான் இருக்கிறது? இந்த எண்ணம் புகுந்தபிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கப்பாண்டி பேசுகிறானா, படம் அனுப்புகிறானா? “ஏட்டி, கொஞ்சம் தொறந்து காட்டு” என்று கேட்டிருந்தால் அவள் காட்டியிருப்பாள். அது அவனுக்கும் தெரியும். ஆனால் கேட்டால் சந்தேகப்படுகிற புருஷன் என்று ஆகிவிடும். சந்தேகப்படவும் வேண்டும், சந்தேகப்படுகிறவன் என்று தெரியவும் கூடாது. இந்த வியாதிக்கு மருந்து கிடையாது.

முதலில் தன் கண்ணைக் காட்டிப் பார்த்தான். போன் அவனைக் கண்டுகொள்ளவில்லை. கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி வந்து அதன் முன்னால் பிடித்தான். சிவப்புப் பொட்டு எரிந்து அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது முட்டி போட்டு உட்கார்ந்து முகத்துக்கு நேரே நீட்டினான். கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கச் சொன்னது அது. தூங்குகிறவளின் இமையை விரலால் தூக்கலாமா என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தான். அந்த நினைப்புக்கு அவனுக்கே கூச்சம் வந்து எழுந்துவிட்டான். அவள் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, வண்டி நம்பர் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தான். அரை நிமிஷம் பொறுங்கள் என்று அது அவனை வாசலில் நிற்க வைத்தது.

வெறுத்துப்போய் ஒரு நாள் கை தவறின மாதிரி தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டான். வள்ளிமயில் ஓடிவந்து எடுப்பதற்குள் அது தொட்டியின் அடியில் கிடந்து மணி அடித்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் ஆவாதுங்க. தண்ணி போவாம ஒட்டிருக்காம், பாண்டி அத்தான் சொன்னாவ” என்று முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போனான்.

எட்டு வருஷத்துப் போனுக்கு வேறொரு குறை இருந்தது. பேட்டரி. காலையில் நூறு என்று கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் மூச்சை விட்டுவிடும். நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் அவளை இறக்கிவிடும்போது அவளே போனை அவன் கையில் கொடுத்தாள். ஆபீஸுக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேனிடம்தான் கொடுக்க வேண்டும்.

“பாண்டி அத்தான் புது பேட்டரி வரவழைச்சிருக்காவளாம். நீங்க அந்தப் பக்கம் போனியன்னா மாத்திட்டு வந்துருங்க.”

தங்கப்பாண்டி கடையில் அப்போது வேறு ஆள் இல்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பேட்டரியக் கழத்துனா போனு அணைஞ்சிரும் அண்ணாச்சி. திரும்ப எந்திரிக்கும்போது கண்ணு செல்லாது, விரலு செல்லாது, நம்பர்தான் கேக்கும். நம்பர் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப நாளைக்கு அவளயும் கூட்டிட்டு வாங்க. நல்லா ஓடுதான்னு தொறந்து பாத்துட்டுக் குடுக்கணும்லா. இன்னொண்ணு, முதுகுக் கண்ணாடியப் பிரிச்சா பெறவு தண்ணிக்குள்ள போடக் கூடாது, அதையும் அவட்ட சொல்லிருங்க.”

தண்ணீர் என்றதும் செண்பகராஜ் நிமிர்ந்து பார்த்தான். தங்கப்பாண்டி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பரவால்லியே, விரலும் பதிஞ்சு வச்சிருக்காளே.”

“என்ன விரலு?”

“இந்தா, இங்கன கண்ணு அல்லது விரல்ரேகைன்னு காட்டுது பாருங்க. விரலு பதியாட்டா இது வராது.”

அந்த வரியைச் செண்பகராஜ் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். எல்லாப் போனிலும் இருக்கிற வரி என்று விட்டுவிட்டான். வள்ளிமயில் விரலை எந்த மிஷினும் ஒத்துக்கொள்ளாது. அப்படியென்றால் இது வேறொரு விரல். அவள் போனை அவளைத் தவிர இன்னொரு ஆள் திறக்கிறான்.

“நீ வை” என்றான்.

“எத?”

“ஒன் விரல.”

தங்கப்பாண்டி அவனை ஏறிட்டுப் பார்த்தான். விஷயம் புரிய அவனுக்கு நேரமாகவில்லை. முகம் ஒரு கணம் சுருங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு, போனின் முதுகில் காமிராவுக்குப் பக்கத்திலிருந்த குழியில் ஆள்காட்டி விரலை வைத்தான். அப்போதுதான் அந்தக் குழி எதற்கு என்பதே செண்பகராஜுக்குத் தெரிந்தது. போன் திறக்கவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். ஒரு கை முடிந்ததும் அரை நிமிஷம் பொறு என்றது போன்.

அந்த அரை நிமிஷம் லேசில் போகவில்லை. வெளியே மினி பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

“அன்னைக்கு ஒங்க கையால வேட்டி வாங்குனேன் அண்ணாச்சி” என்றான் தங்கப்பாண்டி மெதுவாக. “வாங்கிட்டா அதோட முடிஞ்சிபோச்சு. அதுக்குத்தான குடுக்கது? அத நாலு பேரு பாக்க கெட்டிட்டு வாரதும் அதுக்குத்தான்.”

சொல்லிவிட்டு அடுத்த கையின் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினான். எதற்கும் திறக்கவில்லை.

“இப்ப நீங்க வைங்க.”

“என் விரலு எதுக்கு?” என்று போனைப் பிடுங்கிக்கொண்டு செண்பகராஜ் வெளியே வந்துவிட்டான். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலைமையில் அவன் இல்லை. தங்கப்பாண்டி இல்லையென்றால் வேறு யார்? போன் அணைந்துவிடாமல் வண்டியிலேயே சார்ஜில் போட்டுக்கொண்டான். அன்று முழுக்க அவன் ஆள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தான். லோடு இறக்குகிறவன் விரல், டீ ஆற்றுகிறவன் விரல், தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன் போன்களை டப்பாவில் அடுக்குகிற விரல்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் வள்ளிமயில் கூடவே வேலை பார்க்கிற சங்கரம்மாளோடு வெளியே வந்தாள். அவன் வண்டியை விட்டு இறங்கி நேரே போனான். போனை அவள் முன்னால் நீட்டினான்.

“இதுல யாரு விரலு பதிஞ்சிருக்கு?”

வள்ளிமயில் அவனை விழித்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“யாரு விரலா? ஒங்க விரலுதான்.”

அவன் வலது கையைப் பிடித்து, பெருவிரலைத் தனியே பிரித்து, போனைத் திருப்பி முதுகுக் குழியில் வைத்து அமுக்கினாள். பெருவிரலுக்கு அது எட்டாத இடம். கையை ஒடித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. போன் சட்டென்று திறந்தது.

“போனு வந்த அன்னைக்கு நீங்க டிவில கபடி பாத்துட்டு இருந்தியள்ளா. விரல நீட்டுங்க, பதியணும்னேன். நீங்க பாட்டுக்குப் பெருவிரல நீட்டிட்டிய. பதினஞ்சு தடவ வச்சு வச்சு எடுத்தேனே!”

அவனுக்கு ஞாபகம் வந்தது. ரேஷன் கார்டுக்குப் பதிய வேண்டும், கேஸுக்குப் பதிய வேண்டும் என்று மாசத்துக்கு ஒரு ஆள் விரலைக் கேட்கிற காலம். இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்று, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினான். நாலைந்து தடவைக்கு மேல் ஆனபோது, நம்ம ஊர் மிஷின் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

“பாத்தியளா அக்கா?” என்று வள்ளிமயில் சங்கரம்மாளிடம் திரும்பினாள். “நான் சொன்னம்லா. எங்க வீட்டுக்காரவுக நெனைச்சா எப்ப வேணா என் போனத் தொறக்கலாம். நாலு மாசமா ஒரு நாளு தொட்டுப் பாத்ததில்ல. விரலு பதிஞ்சதே மறந்துபோச்சு அவியளுக்கு!”

“எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே” என்றாள் சங்கரம்மாள். “பூட்டுப் போட்ட டிபன் பாக்ஸையே மோந்து பாக்கும். நீ குடுத்து வச்சவ.”

செண்பகராஜ் கையில் போன் திறந்தே இருந்தது. நான்கு மாதமாய் அவன் தவம் கிடந்த வாசல். கம்பெனிக்காரன் போட்ட நீலப் படமும் வரிசையாய்ப் பொத்தான்களும் தெரிந்தன. ஒன்றையும் தொடத் தோன்றவில்லை. அவன் வாழ்நாளில் அவனை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை, அத்தனையும் பொய்.

வண்டி கோவில்பட்டியைத் தாண்டி கரிசல் காட்டுக்குள் போனது. இரண்டு பக்கமும் உளுந்து எடுத்த நிலம் வெடித்துக் கிடந்தது.

“எதுக்கு என் விரலப் பதிஞ்ச?” என்று கேட்டான்.

“நான் வேலை பாக்கது தீப்பெட்டி ஆபீஸுல்லா” என்றாள் அவள், சாதாரணமாக. “ஒரு நாளு தீப்பிடிச்சு எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, என் கண்ணால தொறக்க நான் கண்ணு முழிச்சிருக்கணும்லா. பேங்க் கணக்கு, இன்சூரன்ஸ் சீட்டு எல்லாம் அதுக்குள்ளதான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஒங்களுக்குத்தான.”

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. திரையில் ‘பாண்டி அத்தான்’ என்று வந்தது. தொலைந்தோம் என்று செண்பகராஜ் நினைத்தான். வள்ளிமயில் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணாச்சி காலைல வந்தாவ புள்ள. நம்பர் தெரியாம பேட்டரி மாத்த முடியல. நாளைக்கு நீயும் வா.”

“நம்பர் கெடக்கட்டும் அத்தான், அவிய விரலே அதுல பதிஞ்சிருக்கு, அதயே மறந்துட்டாவ!”

செண்பகராஜ் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

“அப்படியா?” என்றான் தங்கப்பாண்டி. “அதான, அண்ணாச்சி நல்ல மனுஷன். சரி, வச்சிருதேன்.”

அவ்வளவுதான். பத்து விரலையும் வைத்துக் காட்டின கதையை அவன் சொல்லவில்லை. இனிமேலும் சொல்லமாட்டான் என்று செண்பகராஜுக்குத் தெரிந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான், முன்னைவிடப் பத்து மடங்கு. வேட்டியை வாங்கிக்கொண்டதிலும் அவன் பெரிய மனுஷன், அவள் விரலைக் கவனித்ததிலும் அவன் பெரிய மனுஷன், இப்போது தன் மானத்தைக் காப்பாற்றினதிலும் அவனே பெரிய மனுஷனா? இதையும் அவனுக்கு விட்டுக்கொடுப்பதா? தன் பெண்டாட்டிக்குத் தெரியாத தன் சின்னத்தனம் அவன் பையில் பத்திரமாய்க் கிடக்க, தான் காலம் பூராவும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதா?

வண்டியை வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணப் போட்டோ, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், தண்ணீர்த் தொட்டி, அத்தானின் பத்து விரல். நல்லவனாக இருந்து சொல்லவில்லை. பொறாமை தாங்காமல்தான் சொன்னான். ஆனால் ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை.

வள்ளிமயில் கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர்த் தொட்டி என்றபோது மட்டும் திரும்பி அவனைப் பார்த்தாள். இமைக்காமல், கண்ணை அகல விரித்து. இத்தனை நாள் அவன் ஏங்கின பார்வை அது. அவனால் அரை நிமிஷம் கூட அதற்கு எதிரே நிற்க முடியவில்லை.

“அந்த விரல அழிச்சிரு” என்றான் கீழே பார்த்துக்கொண்டு. “எனக்கு அந்த யோக்கியத கெடையாது.”

அவள் போனைக் கையில் எடுத்தாள். முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் கண்ணால் திறந்தாள். எதையோ தேடிக்கொண்டு போனாள், ஒரு இடத்தில் நிறுத்தினாள். அமுக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள் போல. விரல் அந்தரத்திலேயே நின்றது, ரேகையில்லாத அந்த விரல். பிறகு போனை அணைத்தாள்.

“இருக்கட்டும்” என்றாள். “ஒங்கள நம்பித்தான் வச்சிருக்கேன்னு இம்புட்டு நாளு நெனச்சிட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது, தீப்பெட்டிய நம்பாமத்தான் வச்சிருக்கேன்.”

முதுகுப்பக்கம் மேலே தெரிய, போனை இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டில் வைத்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் போன் நகர்ந்து நகர்ந்து அவன் பக்கம் வந்தது. கழுகுமலை வரைக்கும் செண்பகராஜ் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கை விட்டு எடுக்கவில்லை.